கூரும் இதமும்

ஒரு கத்தி கூராக இருக்கிறதா என்று அறிவது எளிது. அது இதமாகவும் இருக்கிறதா என்று அறிவதுதான் அரிது. காய்கறி அரியும் கத்திக்குக் கூர் ஒன்றே போதும். கத்தரிக்காய்க்கு நோவு கிடையாது. தாள் வெட்டும் கத்திக்கும் அவ்வாறே. ஆனால் சவரக் கத்தியின் நிலை வேறு. வெட்ட வேண்டிய உரோமமும் வெட்டக் கூடாத தோலும் அதற்கு ஒரே இடத்தில் அமைந்துவிடுகின்றன. ஒன்றை நீக்கி மற்றொன்றைத் தீண்டாமல் செல்ல வேண்டும். இந்தச் சின்னஞ்சிறு வேறுபாட்டை அறிந்துகொள்ள எங்களுக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. அதற்கு ஓர் உலகளாவிய கொள்ளை நோயும் துணைபுரிய வேண்டியிருந்தது.

'நாங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கீழே சொல்லப்படுவன யாவும் கணவனும் மனைவியுமாக இருவர் சேர்ந்து செய்தவை. கத்தியைப் பிடித்தவர் யார், விளக்கைப் பிடித்தவர் யார் என்று பிரித்துச் சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மறைத்தது இருவரும், கற்றுக்கொண்டதும் இருவரும்.

2004-ஆம் ஆண்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி கிடைத்துத் தில்லிக்கு வந்து சேர்ந்தோம். இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. கார்த்திகைக்கு மலை மந்திர், பொங்கலுக்குச் சங்கத்து விழா, ஞாயிறு தோறும் யாராவது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் காப்பி என்று நாள்கள் நகர்ந்தன. வெளியூரில் வாழும் தமிழர் இருவர் சந்தித்துக்கொண்டால் கேட்கும் கேள்விகள் மூன்று என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் அறிவார்கள். முதலாவது, எந்த ஊர்? இரண்டாவது, எந்த அலுவலகம்? மூன்றாவது, அப்பா என்ன செய்கிறார்?

முதல் இரண்டுக்கும் நாங்கள் தயங்காமல் விடை சொன்னோம். கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் என்றோம். அலுவலகத்தின் பெயரைச் சொன்னோம். மூன்றாவதற்கு மட்டும், "ஊரிலே சொந்தத் தொழில்" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஆற்றத் தொடங்குவோம். பொய்யில்லை. உண்மையும் இல்லை. எங்கள் தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளர். அலுவலகப் பணிப்பதிவேட்டில் எங்கள் சாதி முறையாகப் பதிவாகியிருந்தது. பேச்சில்தான் அது இல்லாமல் போயிற்று.

இதற்கு நாங்கள் மட்டுமே பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளவும் மனம் வரவில்லை. வேலை தெரியாத ஒருவரைச் 'சிரைக்கப் போ' என்று ஏசும் வழக்கம் நம் மொழியில் உண்டன்றோ? ஓராண்டுப் பொங்கல் விழாவின்போது, நாடக ஒத்திகையில் வசனத்தை மறந்துவிட்ட இளைஞர் ஒருவரைப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அன்றிரவு வீடு திரும்பும் பேருந்தில் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் பாட்டனார் காலத்தில் கடை கிடையாது. அடைப்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்ல வேண்டும். ஆற்றங்கரை அரசமரத்தடியில் உட்கார வேண்டும். கூலி அன்றாடம் வராது. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நெல்லாக அளப்பார்கள். எங்கள் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்றொரு பெயர் வழங்குவது வெறும் உபசாரம் அன்று. ஆண்கள் கட்டி கீறி மருந்து வைத்தார்கள். பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். எங்களில் ஒருவரின் பாட்டியார் கைபிடித்து இவ்வுலகுக்குக் கொண்டுவந்த குழந்தைகளுள் பலர் இன்று ஊரில் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

தந்தையார் 1972-இல் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு கடை வைத்தார். இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு நிலைக்கண்ணாடிகள், நாளிதழ் கிடக்கும் ஒரு விசுப்பலகை. கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு தோல்வார் தொங்கும். மேசை மீது மடக்குக் கத்திகள் இரண்டு. அவற்றுள் ஒன்று, கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரமாகிய சோலிங்கனில் செய்யப்பட்டது; அந்நகரின் பெயர் அலகின் அடியில் பொறிக்கப்பட்டிருந்தது. கடை வைத்த ஆண்டில், மூன்று தவணையாகப் பணம் கட்டி வாங்கியதாகச் சொல்வார்.

1986-இல் இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர்ப் பரவிய அச்சத்தாலும் விழிப்புணர்வுப் பிரசாரத்தாலும், ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்தும் வழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது. பாதி பிளேடை ஒடித்துச் செருகும் கைப்பிடிகள் கடைகளுக்கு வந்தன. தந்தையாரும் மாறினார். "ஜனங்க உசிரு முக்கியம், கத்தி முக்கியமில்ல" என்று சொல்லிவிட்டுச் சோலிங்கன் கத்தியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அது ஒரு முகத்துக்கு மட்டுமே உரியதாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்வார். வாரில் கத்தி தீட்டும் அந்தத் 'தப்புத் தப்பு' என்ற ஓசை எங்கள் வீட்டின் விடியல் ஓசைகளுள் ஒன்று.

2018-இல் தாயார் மறைந்தார். அடுத்த ஆண்டு தந்தையாருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சற்றுக் குழறிற்று. ஓரளவு தேறியபின் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லிக்கு அழைத்து வந்தோம். அவரோடு வந்த தகரப் பெட்டியில் நான்கு வேட்டிகளும், தாயாரின் படமும், அந்த அடைப்பமும் இருந்தன. அடைப்பத்தை நாங்கள் கட்டிலுக்கு அடியில், வெளியே தெரியாதபடி தள்ளி வைத்தோம். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

குடியிருப்பின் வாயிலில் வேப்பமரத்தடியில் கண்ணாடியை மதிலில் மாட்டித் தொழில் செய்யும் உத்தரப் பிரதேசத்து அன்பர் ஒருவர் இருந்தார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து தந்தையாருக்கு மழித்துவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு இந்தி தெரியாது. ஆயினும் முதல் நாளே அவருடைய கை கத்தியைப் பிடிக்கும் விதத்தைத் தந்தையார் உற்றுப் பார்த்தார். தந்தையார் கன்னத்தை உப்பிக் கொடுத்த விதத்தை அவர் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பி, "இவரும் நம்மவரா?" என்று இந்தியில் கேட்டார். பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ் அன்பர்களிடம் சொல்லாததை அந்த வடநாட்டவர் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். நாங்கள் தலையசைத்தோம். அன்று அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. வேப்பமரத்தடி வெறிச்சோடியது, அந்த அன்பர் ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரத்துத் தாடி தந்தையாரின் முகத்தை மூடியது. பக்கவாதம் கண்ட முகத்தில் எச்சில் வழியும். தாடியில் அது படிந்து புண்ணாகத் தொடங்கிற்று. கடையில் விற்கும் இரட்டை பிளேடு ரேஸரால் முயன்றோம். நீண்ட உரோமம் அதன் இடுக்கில் அடைத்துக்கொண்டது. அழுத்தி இழுத்ததில் தாடைக்குக் கீழே வெட்டிவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மாத்திரை கொடுத்துவந்த காலம் அது. சிறு கீறலுக்கும் வெகுநேரம் இரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நாங்கள் நின்றபோது, அவர் இடக்கையை நீட்டிக் கட்டிலுக்கு அடியைக் காட்டினார்.

அடைப்பத்தை வெளியே எடுத்தோம். கத்தியில் எண்ணெய் வறண்டு ஆங்காங்கே துருப்புள்ளிகள் தோன்றியிருந்தன. தீட்டுக்கற்கள் இரண்டு: ஒன்று சொரசொரப்பு, மற்றொன்று வழவழப்பு. இரண்டும் பல்லாண்டு தேய்ந்து நடுவே பள்ளம் விழுந்தவை. தந்தையார் முதலில் கற்களைத்தான் திருத்தச் சொன்னார். அலமாரிக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, அதன்மீது உப்புத்தாளைப் பரப்பித் தண்ணீர் விட்டுக் கல்லைத் தேய்த்தோம். கல்லின் முகம் சமமாக வர ஒரு முழுநாள் ஆயிற்று. "கல்லு கோணலா இருந்தா கத்தி நேரா வராது" என்றார்.

சவரக் கத்தியைத் தீட்டுவதில் ஓர் அழகு உண்டு. சமையல் கத்தியைத் தீட்டும்போது எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கைதான் கணக்கிட வேண்டும். சவரக் கத்திக்கு அந்தக் கவலை இல்லை. அதன் முதுகையும் விளிம்பையும் ஒருசேரக் கல்லில் படியும்படி கிடத்திவிட்டால் கோணம் தானே அமையும். முதுகின் தடிப்பு 5 மில்லிமீட்டர், அலகின் அகலம் 18 மில்லிமீட்டர் என்றால் விளிம்பின் கோணம் ஏறத்தாழ 16 பாகை. செய்தவரே கணக்கைக் கத்திக்குள் வைத்து அனுப்பிவிடுகிறார். நாம் செய்ய வேண்டியது முதுகைத் தூக்காமலிருப்பது ஒன்றே. கல்லில் விளிம்பு முன்னே செல்ல வேண்டும்; தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்ட வேண்டும். விளிம்பின் மேல் புரட்டினால் கத்தியும் கெடும், வாரும் அறுபடும். எங்கள் முதல் நாள் முயற்சியில் வாரில் மூன்று வெட்டுகள் விழுந்தன.

தீட்டுவதைக் காட்டிலும் தீட்டியது போதுமா என்று அறிவதே கடினமாயிருந்தது. நாங்கள் கண்ட சோதனைகளை வரிசைப்படுத்திச் சொல்கிறோம்.

முதலாவது, ஒளிச் சோதனை. விளக்குக்கு நேரே விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும். சரியான விளிம்பு மின்னாது. எங்கேனும் ஒரு புள்ளி மின்னினால் அங்கே ஒரு பொரிவு உண்டென்று பொருள். இரண்டாவது, நகச் சோதனை. நனைத்த கட்டைவிரல் நகத்தின்மீது விளிம்பை அதன் எடையிலேயே இழுக்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவதுபோல் சீராகச் சென்றால் நன்று, தட்டினால் பொரிவு. ஆனால் இச்சோதனை விளிம்பைச் சற்றே மழுக்கும். ஆகவே தொடக்கத்தில் மட்டும் செய்வது. மூன்றாவது, விரற் சோதனை. கட்டைவிரலின் சதையை விளிம்புக்குக் குறுக்காக, ஒருபோதும் நெடுக்காக அல்ல, மெல்ல வைத்து எடுக்க வேண்டும். மழுங்கிய விளிம்பு வழுக்கும். கூரிய விளிம்பு தோலைப் பற்றிக்கொள்ளும். நான்காவது, தொங்கு முடிச் சோதனை. ஒற்றை முடியைப் பிடித்துத் தொங்கவிட்டு விளிம்பின்மீது தொட்டால் அது அறுபட்டு விழ வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு, கூந்தலிலிருந்து பிடுங்கிய ஒற்றை முடி தொட்ட மாத்திரத்தில் அறுபட்டு விழுந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கத்தியைத் தந்தையாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் இடக்கைக் கட்டைவிரலை விளிம்பில் வைத்து எடுத்தார். பிறகு சோப்பு நுரையிட்ட தம் இடக் கன்னத்தில் எங்கள் கையைப் பிடித்து ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வெட்டுது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா கடிக்குது" என்றார்.

புதுச் செருப்புக் கடிப்பதை அறிவோம். கத்தி கடிப்பதை அன்றுதான் அறிந்தோம். முடியை அறுத்த அதே விளிம்பு தோலைச் சீண்டியது. முடிச் சோதனையை நம்பியது எங்கள் பேதைமை. ஒருவர் முடி தடிப்பு, ஒருவர் முடி மெலிவு; வேர்ப்பக்கம் பிடித்தால் ஒரு விடை, நுனிப்பக்கம் பிடித்தால் மற்றொரு விடை. அது கூரைச் சொல்லுமே தவிர இதத்தைச் சொல்லாது.

கடிப்பதற்குக் காரணங்கள் இரண்டு என்று தந்தையார் வாய் குழறியபடியே பல நாள்களில் விளக்கியதை இங்கே தொகுத்துச் சொல்கிறோம். சொரசொரப்பான கல் விளிம்பில் கீறல்களை விட்டுவைக்கும். அவை விளிம்பில் முடியும் இடத்தில் நுண்ணிய பற்களாக நிற்கும். வழவழப்பான கல்லில் போதிய அளவு ஓட்டாவிட்டால் அந்தப் பற்கள் தோலைச் சுரண்டும். இது குறைவாகத் தீட்டியதன் குற்றம். மற்றொன்று மிகையாகத் தீட்டியதன் குற்றம். கூர் வந்த பின்னும் ஆசையால் அழுத்தி அழுத்தித் தீட்டினால், விளிம்பின் எஃகு தாளைப்போல் மெலிந்து ஒரு பக்கமாக மடிந்து பிசிறாகத் தொங்கும். அந்தப் பிசிறு முடியை அற்புதமாக வெட்டும். ஒரு கன்னம் முடிவதற்குள் ஒடிந்து, எஞ்சிய கன்னத்தைக் கிழிக்கும். எங்கள் கத்திக்கு வந்தது இரண்டாவது நோய்.

"அமுக்காத தம்பி. கத்தியோட கனமே போதும்" என்றார். அலுவலகக் கோப்பில் பேனாவை அழுத்தி எழுதிப் பழகிய கைக்கு இது எளிதில் வரவில்லை. வழவழப்புக் கல்லில் தண்ணீர் விட்டு, தூசு தட்டுவதுபோல் மெல்ல ஓட்டினோம். பிறகு வாரில் ஐம்பது முறை. வாரை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி ஏறிக் கூரை உருட்டிவிடும். ஓசையைக் கேட்டே தந்தையார் பிழையைச் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஒரே சத்தமா வரணும்மா" என்று படுத்தபடியே கூறுவார். ஒரு பக்கம் ஓங்கியும் ஒரு பக்கம் தாழ்ந்தும் கேட்டால் முதுகு தூக்குகிறது என்று பொருளாம்.

இவ்விடத்தில் ஓர் ஆய்வுச் செய்தியையும் குறிப்பிட வேண்டும். மனித உரோமத்தைக் காட்டிலும் சவர பிளேடின் எஃகு ஏறத்தாழ 50 மடங்கு வன்மையானது. ஆயினும் அந்த மெல்லிய உரோமம் எஃகை மழுக்கிவிடுகிறது. ஏன் என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020 ஆகஸ்டில் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். விளிம்பு வெறுமனே தேய்வதில்லை. உரோமம் சாய்வாக வந்து, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஓரிடத்தைத் தொடும்போது அங்கே நுண்ணிய பொரிவு ஏற்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. மெலியதை வெட்டுகிறோம் என்று வலியது அலட்சியமாக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் அதே ஆண்டில் நாங்கள் கண்டதும் அதுவே.

அடுத்த சோதனை எங்கள் முகத்திலேயே நடந்தது. தந்தையாரின் கன்னத்தைச் சோதனைக் களமாக்க இனி மனம் வரவில்லை. வெந்நீர்த் துணியை மூன்று நிமிடம் கன்னத்தில் வைத்து உரோமத்தை ஊற விடுவோம். ஊறிய உரோமம் எளிதில் அறுபடும். தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, உரோமம் வளரும் திசையிலேயே இறக்குவோம். கன்ன மேட்டில் எந்தக் கத்தியும் நல்ல கத்திதான். தாடைக்குக் கீழும் மேலுதட்டிலும்தான் அதன் குணம் வெளிப்படும். மழித்து முடித்தபின் ஈரத்தோடு படிகாரத்தைத் தேய்ப்போம். தோல் எங்கெங்கே சுரண்டப்பட்டதோ அங்கங்கே அது எரியும். படிகாரம் முகத்துதி அறியாத சாட்சி. முதல் நாள் முகம் முழுதும் எரிந்தது. ஐந்தாம் நாள் தாடைக்குக் கீழே மட்டும் எரிந்தது. எட்டாம் நாள் எரியவில்லை. மறுநாள் காலையில் தடவிப் பார்த்தபோதும் தோலில் ஒரு பரு இல்லை. விரல், நகம், முடி, ஒளி யாவும் கூரைத்தான் சொல்கின்றன. இதத்தைச் சொல்ல வல்லது முகம் ஒன்றே. அதுவும் மறுநாள்தான் முழுத் தீர்ப்பையும் சொல்லும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் தந்தையாருக்கு மழித்தோம். ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, ஒருவர் கத்தியைப் பிடித்தோம். இடக் கன்னத்தில் தொடங்கச் சொன்னார். அது முடிந்து வலப்புறம் திரும்பியபோது எங்கள் கையை நிறுத்திச் சொன்னார்:

"இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. வெட்டினாலும் தெரியாது. அதனால இங்கதான் பாத்துச் செய்யணும்."

பக்கவாதத்தால் வலக் கன்னத்தில் உணர்ச்சி இல்லை. இடக் கன்னம் நோவைச் சொல்லும். வலக் கன்னம் வாய் திறவாது. சொல்ல முடிந்த கன்னத்தில் கத்தியின் இதத்தைச் சோதித்து அறிந்துகொண்டு, அந்த அறிவைச் சொல்ல முடியாத கன்னத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாற்பது ஆண்டுக்கு மேல் எத்தனையோ முகங்களைக் கையாண்டவர் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடங்களுள் இதுவே தலையாயது. மழித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கும் இரத்தம் வரவில்லை. இடக்கையால் இரண்டு கன்னங்களையும் தடவிப் பார்த்தார். "கடை வைக்கலாம்" என்றார். பாராட்டா, கேலியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தின் இடப்பாதி சிரித்தது.

கடைகள் திறந்து, வேப்பமரத்தடி அன்பர் ஊரிலிருந்து திரும்பிய பின்னரும் அந்த வேலையை நாங்கள் விடவில்லை. வாரம் இருமுறை. 1000, 4000, 8000 எண்ணிட்ட புதிய கற்களையும் வாங்கினோம். அந்த அன்பர் அவ்வப்போது வந்து எங்கள் உஸ்தராவை விரலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்.

2022 சனவரியில் தந்தையார் மறைந்தார். அன்று காலையில் கடைசி முறையாக அவருக்கு மழித்தோம். அதற்கு முன் வாரில் வழக்கத்தைக் காட்டிலும் அதிக நேரம் தீட்டினோம். அன்று அவருடைய இரு கன்னங்களும் ஒன்றாகிவிட்டிருந்தன. இரண்டுமே ஒன்றும் சொல்லவில்லை.

பண்புடைமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவின் கூர்மைக்கு அரத்தை உவமையாக்கி, அவ்வளவு கூர்மை இருந்தும் மக்கட்பண்பு இல்லாதவர் மரத்துக்கு ஒப்பாவர் என்கிறார். பி.ஏ. வகுப்பில் அக்குறளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். அதன் பொருள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்துகொண்டிருந்ததை அப்போது கண்டோமில்லை. எங்கள் கல்வி கூரைத் தந்தது; தேர்வு எழுதத் தந்தது; தில்லிக்கு வண்டி ஏறத் தந்தது. 'சொந்தத் தொழில்' என்று நயமாகச் சொல்லித் தப்பிக்கவும் அதுவே தந்தது. அந்தக் கூர் யாரைக் கடித்தது என்பதைக் கட்டிலுக்கு அடியில் நாங்கள் தள்ளிய அடைப்பம் அறியும்; அதைப் பார்த்துப் பேசாதிருந்த அந்த மனிதரும் அறிவார்.

2023 பொங்கல் விழாவின்போது, புதிதாகத் தில்லிக்கு மாற்றலாகி வந்த குடும்பம் ஒன்று எங்களிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டது. மூன்றாவதற்கு, "முடிதிருத்தும் தொழில் செய்தார். கும்பகோணத்துப் பக்கத்தில் கடை வைத்திருந்தார்" என்றோம். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு பாயசம் பரிமாற வந்தார்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு அழைப்பது ஓரிரு வீடுகளில் குறைந்துபோயிற்று. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறோம்.

நடந்தது இன்னொன்றும் உண்டு. அந்த விழாவுக்கு இரண்டு வாரத்துக்குப் பின், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒத்திகையில் அந்த இளைஞரை ஏசியவர் அவரேதான். கையில் பழைய நாளிதழில் சுற்றிய பொட்டலம். பிரித்தால், துருவேறிய மடக்குக் கத்தி. அவருடைய தகப்பனார் வைத்திருந்ததாம். "இதைச் சரிசெய்ய முடியுமா, தம்பி?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தோம்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது கத்தி பளபளத்தது. விளக்கில் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார், கையை நீட்டினார். நாங்கள் கொடுக்கவில்லை. அன்று காலையில்தான் அதை எங்கள் முகத்தில் சோதித்திருந்தோம். தாடைக்குக் கீழே படிகாரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கூர் வந்துவிட்டது, ஐயா. இதம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவர் சரி என்று தலையசைத்துவிட்டு, இரண்டாவது முறையாகக் காப்பி கேட்டு உட்கார்ந்தார்.